ஊசலைத் தலைகீழாக்கிய கேட்டர்



முதலில் ஒரு சின்னப் புதிர். சென்னையில் ஒரு தங்கக் கட்டியை எடை போடுகிறோம். கொக்கியில் மாட்டினால் உள்ளே இருக்கும் சுருள்வில் நீண்டு, முள் எண்ணைக் காட்டுமே, அந்தச் சுருள்வில் தராசில்தான். முள் சரியாக ஒரு கிலோவில் வந்து நிற்கிறது. அதே தங்கத்தையும் அதே தராசையும் கப்பலில் ஏற்றி லண்டனுக்குக் கொண்டு போகிறோம். அங்கே மாட்டிப் பார்த்தால், முள் ஒரு கிலோவைத் தாண்டி ஏறக்குறைய 3 கிராம் கூடுதலாகக் காட்டும்!

வழியில் யாரும் தங்கத்தைச் சேர்க்கவில்லை. தராசும் கெட்டுப் போகவில்லை. பிறகு அந்த 3 கிராம் எங்கிருந்து வந்தது?

இன்னொன்றும் கேளுங்கள். சுருள்வில் தராசுக்குப் பதிலாகச் சந்தையில் பார்க்கும் இரண்டு தட்டுத் தராசையும், படிக்கல்லையும் கொண்டு போயிருந்தால், சென்னையிலும் ஒரு கிலோ, லண்டனிலும் ஒரு கிலோ. ஒரு குன்றிமணி எடைகூட வித்தியாசம் வராது.

அப்படியானால் எந்தத் தராசு உண்மை சொல்கிறது? இரண்டுமே உண்மைதான் சொல்கின்றன. இரண்டிடமும் நாம் கேட்கும் கேள்விதான் வேறு வேறு. இந்த வித்தியாசத்தை நன்றாக அறிந்து, அளப்பதையே வாழ்க்கையாகக் கொண்டிருந்த ஒருவரைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். அவர் பெயர் ஹென்றி கேட்டர். கல்லூரியில் இயற்பியல் படிக்கும் அண்ணன், அக்காவிடம் கேட்டர் ஊசல் என்று சொல்லிப் பாருங்கள், உடனே தெரிந்துகொள்வார்கள். ஆனால் அந்தக் கேட்டர் இளமையில் நம் தென்னாட்டு வெயிலில் மலை மலையாக ஏறி இறங்கியவர் என்பது அவர்களுக்கும் தெரியாமல் இருக்கலாம்.

சட்டம் விட்டு கணக்குக்கு

கேட்டர் 1777-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் தேதி இங்கிலாந்தில் பிரிஸ்டல் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். மகன் வழக்கறிஞராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். அதனால் கேட்டர் இரண்டு ஆண்டுகள் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பழகினார். ஆனால் மனம் என்னவோ கணக்கிலேயே இருந்தது. 1794-ல் தந்தை இறந்தார். சட்டப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, மீண்டும் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

1799-ல் பிரிட்டிஷ் ராணுவத்தின் 12-ஆவது காலாட்படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். அந்தப் படை அப்போது இந்தியாவில் இருந்தது. அப்படித்தான் அவர் கடல் கடந்து தென்னிந்தியாவுக்கு வந்து சேர்ந்தார்.

அந்தச் சமயத்தில் இங்கே பெரிய வேலை ஒன்று தொடங்கவிருந்தது. வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி, தென்னாடு முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளக்கத் திட்டமிட்டார். 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சென்னை பரங்கிமலை அருகே ஏழு மைலுக்கும் மேல் நீளமான ஒரு நேர்கோட்டைச் சங்கிலியால் அளந்து வேலையைத் தொடங்கினார். ஒரு பக்கம் தெரிந்துவிட்டால் போதும். கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்காலேயே கண்டுபிடித்துவிடலாம். அந்தப் பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம், அதன்மேல் இன்னொன்று என்று நாடு முழுவதும் போகலாம். லாம்டன் பின்னால் தெற்கு வடக்காக அமைத்த முக்கோணச் சங்கிலி, 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டிச் செல்கிறது. எங்கள் எடப்பாடியும் அந்தத் தீர்க்கரேகைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

லாம்டனின் உதவியாளர்களில் ஒருவராகக் கேட்டர் சேர்ந்தார். சோழமண்டலக் கடற்கரைக்கும் மலபார்க் கடற்கரைக்கும் நடுவில் உள்ள நாட்டை அளப்பது அவர்கள் வேலை. கோணம் அளக்கும் பெரிய தியோடலைட் கருவி மட்டுமே ஏறக்குறைய 500 கிலோ! அதை மலை உச்சிக்குச் சுமந்தவர்கள், காட்டை வெட்டி வழி செய்தவர்கள், உச்சியில் கொடி பிடித்து நின்றவர்கள் எல்லாரும் நம் ஊர்க்காரர்கள். வரலாற்றுப் புத்தகத்தில் அவர்கள் பெயர் இல்லை. இந்த அளவை வேலை, நாட்டைப் பிடித்த கம்பெனியாருக்கு வரி வாங்கவும் படை நடத்தவும் உதவியது என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதே சமயம், பூமியின் வடிவம் என்ன என்ற பெரிய கேள்விக்கும் அது விடை தேடியது.

குத்தும் புல்லில் ஒரு கருவி

கேட்டரின் கண் எப்படிப்பட்டது என்று பாருங்கள். காட்டுப் பக்கம் நடந்தால் வேட்டியிலும் பாவாடையிலும் ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டு வருமே ஒரு புல், நாமெல்லாம் திட்டிக்கொண்டே பிய்த்துப் போடுவோம். கேட்டர் மைசூர்ப் பக்கம் அந்த வகைப் புல்லைக் கவனித்தார். அதன் முள்போன்ற வால் முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். ஈரம் பட்டால் முறுக்கு அவிழும். காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்ளும்.

காற்றில் ஈரம் எவ்வளவு என்று காட்ட இதைவிட நல்ல முள் வேறு எது? அந்தப் புல்லை வைத்தே ஈரமானி ஒன்றைச் செய்தார் கேட்டர். நாம் தொல்லை என்று நினைத்தது அவருக்குக் கருவியாகிவிட்டது.

ஆனால் வெயிலும் மழையும் காய்ச்சலும் சேர்ந்து அவர் உடலைக் கெடுத்துவிட்டன. ஏறக்குறைய ஏழு ஆண்டுக் கடும் உழைப்புக்குப் பிறகு இங்கிலாந்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. 1808-ல் அங்கே ராணுவக் கல்லூரியில் சேர்ந்து படித்தார். 1814-ல் ராணுவப் பணியிலிருந்து விலகி, பாதிச் சம்பளத்தோடு ஆராய்ச்சியில் இறங்கினார். அதே ஆண்டு ராயல் சொசைட்டி என்னும் புகழ்பெற்ற அறிவியல் சங்கத்தின் உறுப்பினரும் ஆனார்.

கஜக்கோல் தொலைந்தால் என்ன செய்வது?

அப்போது இங்கிலாந்துக்கு ஒரு கவலை. துணி அளக்கும் கஜத்துக்கு ஒரே ஒரு மூலக்கோல். பொருள் நிறுக்கும் பவுண்டுக்கு ஒரே ஒரு மூலப் படிக்கல். நாட்டில் உள்ள எல்லாக் கோலும் எல்லாப் படிக்கல்லும் இவற்றைப் பார்த்துச் செய்தவைதான். இவையே தொலைந்துபோனால்? நெருப்பில் எரிந்துபோனால்?

மனிதன் செய்த கோல் அழியலாம். இயற்கை தந்த அளவு அழியாது என்று அறிஞர்கள் எண்ணினார்கள். அப்படி ஓர் இயற்கை அளவு ஊசலில் இருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகச் சரியாக ஒரு நொடி எடுக்கும் ஊசலின் நீளத்தைத் துல்லியமாகக் கண்டு எழுதி வைத்துவிட்டால், கஜக்கோல் தொலைந்தாலும் ஊசலை ஆட்டி மறுபடி செய்துகொள்ளலாம் அல்லவா? 1816-ல் நாடாளுமன்றம் இந்த நீளத்தைக் கண்டறியும்படி கேட்டுக்கொண்டது. அந்த வேலையைச் செய்து முடித்தவர் கேட்டர்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நூலில் கல்லைக் கட்டி ஆட்டும்போது ஊசலின் நீளம் எதுவரை? கல்லின் மேல் நுனி வரையா, நடு வரையா, அடி வரையா? நூலுக்கும் எடை உண்டே! பித்தளைச் சட்டம் என்றால் குழப்பம் இன்னும் அதிகம். அளக்க வேண்டிய இடம் சட்டத்துக்குள்ளே எங்கோ ஒளிந்திருக்கிறது.

கேட்டர் என்ன செய்தார் தெரியுமா? ஊசலைத் தலைகீழாகத் திருப்பினார்!

ஒரு பித்தளைச் சட்டம். அதில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் இடைவெளியில், ஒன்றை ஒன்று பார்த்தபடி இரண்டு கத்தி விளிம்புகள். முதலில் ஒரு விளிம்பில் தொங்கவிட்டு ஆட்டுவது. பிறகு சட்டத்தைத் தலைகீழாக்கி, மறு விளிம்பில் தொங்கவிட்டு ஆட்டுவது. சட்டத்தில் நகரக்கூடிய எடைகள் உண்டு. அவற்றை அங்கும் இங்கும் நகர்த்தி, இரண்டு பக்கமும் ஆடும் நேரம் ஒன்றாகும்வரை சரிசெய்ய வேண்டும். நேரம் ஒன்றாகிவிட்டால், இரண்டு கத்தி விளிம்புகளுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் ஊசலின் உண்மையான நீளம். அதைக் கோல் வைத்து அளந்துவிடலாம். ஹைகன்ஸ் என்ற டச்சு அறிஞர் 1673-லேயே எழுதி வைத்த விதி இதற்கு அடிப்படை. அந்த விதியைத் துல்லியமான கருவியாக்கியவர் கேட்டர்.

நேரத்தை அவர் பார்த்த விதமும் அழகு. தன் ஊசலுக்குப் பின்னால் நல்ல கடிகாரம் ஒன்றின் ஊசலை ஆடவிட்டார். இரண்டு ஊஞ்சலில் இரண்டு பேர் ஆடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கொஞ்சம் மெதுவாக ஆடினால், சேர்ந்து புறப்பட்டவர்கள் மெல்ல மெல்லப் பிரிந்து, சிறிது நேரம் கழித்து மறுபடி சேர்வார்கள். அந்தச் சேர்க்கைகளுக்கு நடுவில் எத்தனை ஆட்டம் என்று தொலைநோக்கி வழியே எண்ணினார் கேட்டர். லண்டனில் ஹென்றி பிரவுன் என்பவர் வீட்டில் 1817-ல் இந்தச் சோதனைகள் நடந்தன. விடை 39.14 அங்குலத்துக்கு மிக அருகில் வந்தது. ராயல் சொசைட்டி தன் உயர்ந்த காப்ளி பதக்கத்தை அந்த ஆண்டு அவருக்கு அளித்தது.

சேலத்துக்காரர்கள் காதில் தேன் பாயும் செய்தி ஒன்று. ஊசலின் முழுப் பாரமும் அந்த மெல்லிய கத்தி விளிம்பில்தான் நிற்கிறது. அது மழுங்கினால் அளவே போயிற்று. அதற்குக் கேட்டர் தேர்ந்தெடுத்தது இந்தியாவில் செய்த வூட்ஸ் எஃகு! உருக்கு என்ற நம் சொல்லே வெளிநாட்டார் வாயில் வூட்ஸ் ஆயிற்று என்பார்கள். நம் சேலம் வட்டாரத்திலும் அந்தக் காலத்தில் இவ்வகை எஃகு செய்தார்கள். இரும்புத் துண்டோடு ஆவாரங்குச்சியையும் எருக்க இலையையும் மண் மூசையில் போட்டு அடைத்து, கரியடுப்பில் வைத்துத் துருத்தி ஊதி உருக்குவார்கள். அத்தகைய எஃகின் விளிம்பில் நின்றுதான் லண்டனில் அந்த ஊசல் ஆடியது.

ஊசல் சென்னைக்கு வந்தது

இனி நம் தங்கப் புதிருக்குத் திரும்புவோம்.

1672-ல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர், பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தைத் தென்னமெரிக்காவின் கயேன் தீவுக்குக் கொண்டு போனார். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஊரில் கடிகாரம் ஒரு நாளைக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது! காரணம் சொன்னவர் நியூட்டன். பூமி சரியான பந்து அல்ல. நடுவில் சற்றே பருத்து, துருவங்களில் தட்டையானது. துருவத்தைவிட நிலநடுக்கோடு பூமியின் மையத்திலிருந்து ஏறக்குறைய 21 கிலோமீட்டர் கூடுதல் தூரம். பூமி சுழல்வதாலும் அங்கே இழுப்பு கொஞ்சம் குறைகிறது. இழுப்பு குறைந்தால் ஊசல் மெதுவாக ஆடும்.

கேட்டரும் பிரிட்டனின் தெற்குப் பகுதி முதல் வடக்கே ஷெட்லாந்து தீவு வரை பல இடங்களில் ஊசலை ஆட்டிப் பார்த்தார். வெவ்வேறு நாடுகளுக்கு அனுப்புவதற்காக, ஒரே விளிம்பு கொண்ட, நீளம் மாறாத ஊசல்களையும் வடிவமைத்தார். ஊசல் நீளம் மாறாது என்றால், ஊருக்கு ஊர் ஆடும் வேகம் மாறுவதற்குப் புவியீர்ப்பு ஒன்றே காரணம்!

அப்படி ஓர் ஊசல் சென்னைக்கு வந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கட்டிய வானாய்வு நிலையத்தில், வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் 1821-ல் அதை ஆட்டி எண்ணினார். அந்த நிலையத்தின் கருங்கல் தூண் தமிழ் எழுத்துகளோடு இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. சென்னை போகும்போது கேட்டுப் பாருங்கள்.

விடை என்ன? ஒரு நொடிக்கு ஆடும் ஊசல் லண்டனில் இருப்பதைவிடச் சென்னையில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் குட்டை. லண்டன் ஊசலை அப்படியே சென்னையில் ஆட்டினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 நிமிடம் பின்தங்கும். எந்த வெயிலில் நின்று கேட்டர் உடல்நலம் இழந்தாரோ, அந்த மண்ணின் இழுப்பை அவர் வடிவமைத்த ஊசல் வந்து அளந்துவிட்டது.

இந்தக் கணக்குப்படி சென்னையில் பூமி இழுக்கும் இழுப்பு லண்டனைவிட ஆயிரத்தில் மூன்று பங்கு குறைவு. ஒரு கிலோவில் ஆயிரத்தில் மூன்று பங்கு என்றால்? ஆம், 3 கிராம்! தங்கத்தில் உள்ள பொருளின் அளவு, அதாவது நிறை, மாறவே இல்லை. பூமி அதை இழுக்கும் விசை, அதாவது எடை, அதுதான் மாறியது. சுருள்வில் பார்ப்பது விசையை. அதனால்தான் லண்டனில் அதன் முள் கீழே இறங்கியது.

தட்டுத் தராசு ஏமாறுவதில்லை

சரி, தட்டுத் தராசு ஏன் மாறவில்லை? ஒரு தட்டில் தங்கம், மறு தட்டில் படிக்கல். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பூமியின் இழுப்பு குறைந்தால் இரண்டுக்கும் ஒன்றுபோலவே குறையும். கூடினால் இரண்டுக்கும் கூடும். ஆகவே தராசுமுள் நடுவிலேயே நிற்கும். தட்டுத் தராசு, பூமி எவ்வளவு இழுக்கிறது என்று கேட்பதில்லை. இந்த இரண்டில் எதில் பொருள் அதிகம் என்று மட்டுமே கேட்கிறது.

சேலத்தில் ஒரு கிலோ அரிசியை நிறுத்து ஏற்காட்டுக்குக் கொண்டு போங்கள். மிக மிக நுட்பமான சுருள்வில் தராசு இருந்தால் அங்கே எடை சற்றே குறைந்திருக்கும். அரை கிராம்கூட இருக்காது. நிலாவுக்கே போய்விட்டால்? அங்கே இழுப்பு ஆறில் ஒரு பங்கு. 6 கிலோ பூசணிக்காயைச் சுருள்வில் தராசு 1 கிலோ என்று காட்டும். தட்டுத் தராசோ அங்கேயும் 6 கிலோ படிக்கல்லைத்தான் கேட்கும்!

விண்வெளி நிலையத்தில் எல்லாமே மிதக்கும். அங்கே இரண்டு தராசுமே வேலை செய்யாது. அதனால் விண்வெளி வீரரைச் சுருள்வில் பொருத்திய கருவியில் முன்னும் பின்னும் ஆடவைக்கிறார்கள். நிறை அதிகமானால் ஆட்டம் மெதுவாகும். ஆடும் நேரத்தை வைத்து நிறையைக் கணக்கிட்டு விடுகிறார்கள்.

இன்றைய நகைக்கடைகளிலும் ஆய்வகங்களிலும் இருப்பது மின்னணுத் தராசு. பளிச்சென்று எண் காட்டுவதால் அது தட்டுத் தராசைவிட உயர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அதுவும் சுருள்வில் தராசைப் போல விசையைத்தான் உணர்கிறது. அதனால் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மாற்றினால், புதிய இடத்தில் நிறை தெரிந்த படிக்கல்லை வைத்து அதைச் சரிசெய்த பிறகே ஆய்வகத்தில் பயன்படுத்துவார்கள். சிலவற்றில் அந்தப் படிக்கல் உள்ளேயே இருக்கும். எவ்வளவு புதிய தராசானாலும் பழைய படிக்கல்லிடம் வந்து பாடம் கேட்டாக வேண்டும்.

தட்டுத் தராசிலும் ஒரு திருட்டுக்கு இடம் உண்டு. ஒரு கை சற்று நீளம், மறு கை சற்றுக் குட்டை என்றால் எடை தப்பும். அதைக் கண்டுபிடிப்பது எப்படி? பொருளையும் படிக்கல்லையும் தட்டு மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல தராசு என்றால் இப்போதும் முள் நடுவில் நிற்கும். கள்ளத் தராசு காட்டிக் கொடுத்துவிடும். கவனித்தீர்களா? ஊசலைத் தலைகீழாக்கியதும் தட்டை மாற்றியதும் ஒரே யோசனைதான். கருவியைத் திருப்பிப் பார்த்தால் அதன் குற்றம் வெளியே வந்துவிடும். 1830-ல் லார்ட்னர் என்பவருடன் சேர்ந்து கேட்டர் வெளியிட்ட இயந்திரவியல் நூலில், தராசுகளையும் ஊசல்களையும் ஒரே அத்தியாயத்தில் சேர்த்து எழுதினார். இரண்டுக்கும் உயிர் கத்தி விளிம்பில்தானே இருக்கிறது!

நெருப்பு வந்தது

1824-ல் இங்கிலாந்தில் புதிய அளவைச் சட்டம் வந்தது. மூலக் கஜக்கோல் அழிந்தால் ஊசலை ஆட்டி அதை மீண்டும் செய்துகொள்ள வேண்டும். மூலப் பவுண்டு அழிந்தால் இத்தனை கன அங்குலத் தண்ணீரின் எடையைக் கொண்டு செய்துகொள்ள வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். கேட்டர் கண்ட ஊசல் நீளம் சட்டத்தில் ஏறிவிட்டது! புதிய கோல்களையும் படிக்கற்களையும் செய்து சரிபார்க்கும் பொறுப்பும் அவருக்கு வந்தது. வானியல் கருவிகளைச் சரிபார்க்க, பாதரசத்தில் மிதக்கும் கருவி ஒன்றையும் அவர் செய்தார். அதற்காக 1831-ல் ராயல் வானியல் சங்கத்தின் தங்கப்பதக்கம் கிடைத்தது.

1834-ஆம் ஆண்டு அக்டோபர் 16. பழைய காலத்தில் கணக்கு வைக்கப் பயன்பட்ட மரக்குச்சிகளை நாடாளுமன்றக் கட்டடத்து அடுப்பில் போட்டு எரித்தார்கள். நெருப்பு கட்டடம் முழுவதும் பரவியது. மூலக் கஜக்கோல் கெட்டுப்போனது. மூலப் பவுண்டு காணாமலே போனது. எது நடக்கக் கூடாது என்று பயந்தார்களோ, அதுவே நடந்துவிட்டது.

சில மாதங்களில், 1835 ஏப்ரல் 26 அன்று, கேட்டர் லண்டனில் காலமானார்.

அவருடைய ஊசலைக் கொண்டு புதிய கஜக்கோலைச் செய்தார்களா? இல்லை, குழந்தைகளே. பெஸ்ஸல் என்ற ஜெர்மானிய அறிஞர் 1828-லேயே ஒரு குறையைக் காட்டியிருந்தார். ஊசல் ஆடும்போது தன்னோடு கொஞ்சம் காற்றையும் இழுத்துக்கொண்டு ஆடுகிறது. அதைக் கணக்கில் சரியாகச் சேர்க்கவில்லை. இப்படிச் சில பிழைகள் தெரிந்ததால், 1841-ல் அறிஞர் குழு ஊசலை ஒதுக்கிவிட்டது. முன்பே கவனமாக ஒப்பிட்டு வைத்திருந்த நகல் கோல்களிலிருந்து புதிய கஜத்தைச் செய்யும்படி சொன்னது.

கேட்டர் தோற்றுவிட்டாரா? அந்த நகல் கோல்களில் ஒன்று, ராயல் சொசைட்டிக்காகக் கேட்டர் உருவாக்கிய அளவுகோல்! அவர் கண்டுபிடித்த எண் கைவிட்டது. அவர் பொறுமையாகச் செய்த வேலை கைகொடுத்தது.

ஊசலின் கதையும் அதோடு முடியவில்லை. 1865 முதல் 1871 வரை பசேவி என்ற அதிகாரி, குமரிமுனைப் பக்கத்திலிருந்து லடாக் வரை இந்தியா முழுவதும் அத்தகைய ஊசல்களை ஆட்டிப் புவியீர்ப்பை அளந்தார். லடாக்கின் உயர்ந்த மோரே சமவெளியில், கடுங்குளிரில் வேலை செய்து நோயுற்று 1871-ல் உயிரையே விட்டார். பூமியின் இழுப்பை அளக்கும் வேலை அவ்வளவு அருமையானது.

2019-ஆம் ஆண்டு மே 20 முதல் ஒரு கிலோகிராம் என்பதற்குப் பாரிஸ் அருகே இருந்த உலோக உருளை அளவுகோல் அல்ல. இயற்கையின் மாறாத எண் ஒன்றைக் கொண்டே கிலோவை வரையறுத்திருக்கிறார்கள். அழியாத அளவு இயற்கையில்தான் உண்டு என்ற பழைய ஆசை நிறைவேறிவிட்டது. அந்த எண்ணிலிருந்து கிலோவை உண்டாக்கும் கிப்பிள் தராசு என்ற கருவியைப் பயன்படுத்த, அது நிற்கும் இடத்தின் புவியீர்ப்பு மிகத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். தராசும் ஊசலின் பழைய கேள்வியும் மறுபடி ஒரே அறையில் சேர்ந்துவிட்டன!

நீங்களும் செய்து பாருங்கள்

ஒரு நல்ல நூலில் சின்னக் கல்லைக் கட்டுங்கள். ஆணியிலிருந்து கல்லின் நடுவரை 99 சென்டிமீட்டர் இருக்கட்டும். மெதுவாகச் சற்றே இழுத்து விடுங்கள். ஒரு நிமிடத்தில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக 60 முறை போகும். பெரிய ஆட்டம் வேண்டாம், சின்ன ஆட்டமே சரியாக இருக்கும். நீளத்தைக் கால்பங்காக்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்து, அதை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

அப்படியே, அடுத்த முறை அம்மாவோடு சந்தைக்குப் போகும்போது கடைக்காரர் தட்டுத் தராசு வைத்திருந்தால், தட்டை மாற்றி ஒருமுறை நிறுக்கச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். நேர்மையானவர் சிரித்துக்கொண்டே மாற்றிக் காட்டுவார். ஒரு கருவி சொல்வதை நம்புவதற்கு முன்னால், அது எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று கேட்பதில் தப்பே இல்லை. ஹென்றி கேட்டர் தம் வாழ்நாள் முழுவதும் செய்தது அதைத்தான்.